ஸ்தமாதிஸின் தொண்டை

“தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னா நிக்குது! மாதா மேல சத்தியம். பக்கத்துல படுக்கிறவ நான்தானே?” கரிஃபலியாவின் குரல் ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடியைத் தாண்டி மருத்துவமனை நடைவரை கேட்டது. கிரேக்கத்தின் இந்த வோலோஸ் நகரில் அவள் குரலுக்கு எந்தச் சுவரும் போதாது.

அவள் கணவன் ஸ்தமாதிஸ், ஏதென்ஸுக்குப் பேருந்து ஓட்டுபவன், தாடையை மேலே தூக்கி, நாக்கை ‘ட்ச்’ என்று ஒரு முறை கொட்டினான். ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் ஊர் ஆண்கள் வாயைத் திறந்து தெம்பை வீணாக்குவதில்லை.

திரையில் அவன் தொண்டை. ஸ்கேன் படத்தை வைத்து மூச்சுப்பாதையைக் கணினியில் கட்டி, அதற்குள் காற்றை ஓடவிட்டிருந்தாள் பொறியாளர் பாவ்லினா. குறுகின இடத்தில் காற்று சிவப்பாகச் சீறும் என்று சொல்லியிருந்தாள். சிவப்பையே காணோம். காற்று நீலமாக, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை நடை போல நிதானமாய் இறங்கிப் போனது.

“பாத்தியா?” ஸ்தமாதிஸ் எழுந்தே விட்டான். “தொண்டையா இது, நெடுஞ்சாலை! திங்கக்கிழமை வண்டி எடுக்கிறேன். என் பொழப்பைக் கெடுக்கத்தானே இந்தக் கதையைக் கட்டினே?”

“ராத்தூக்கம் கெட்டு, பஸ் நிறைய ஆளை வச்சுக்கிட்டு ஸ்டியரிங்ல தூங்கப் போறே, மனுஷா!”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாக்கும்?”

கரிஃபலியா திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். அவன் நெஞ்சு அசையாமல் கிடக்கும் போதெல்லாம் விலாவில் குத்திக் குத்தி மூச்சை மீட்டவள் அவள். அத்தனையும் பிரமையா?

பாவ்லினா படத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். நெற்றி சுருங்கியது. “கொஞ்சம் இருங்க, கரிஃபலியா மேடம். ஸ்கேன்ல தலை நேரா இல்ல. தாடை நல்லா மேல தூக்கியிருக்கு. அப்படித் தூக்கினா யார் தொண்டையும் அகலமாத்தான் தெரியும். இந்தக் கணக்கு செல்லாது, மறுபடி எடுக்கணும்.”

“சொன்னேன்ல!” கரிஃபலியாவுக்குப் போன உயிர் திரும்பியது.

“அசையாதீங்கன்னு சொல்லியிருந்தோமே சார்?” என்றாள் பாவ்லினா.

ஸ்தமாதிஸுக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே இருந்த துறைமுகத்தின் மேல் மிகுந்த அக்கறை வந்துவிட்டது.

ஸ்கேன் எடுத்த பெண் லெமோனியாவை அழைத்தார்கள். “என் தப்புதான் மேடம். உள்ள பயந்துகிட்டுப் படுத்திருந்தார். பேச்சுக் கொடுப்போமேன்னு மைக்ல ஒண்ணு கேட்டேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமா, தாடையைத் தூக்கிப் பதில் சொன்னார்.”

“அப்படி என்ன கேட்டே, கண்ணு?” கரிஃபலியா கொஞ்சலாகவே கேட்டாள். ஜெயித்த தெம்பில் கணவனைக் கட்டி முத்தமிடக்கூட அவள் தயாராக இருந்தாள்.

மறு ஸ்கேனில் சிவப்பு சீறிக்கொண்டு வந்தது. ஸ்தமாதிஸ் இப்போது மூச்சு மெஷினின் முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்குகிறான், தன் அம்மா வீட்டில், தனியாக. கரிஃபலியா குறட்டையே விடாத ஒரு மீன் வியாபாரியைக் கட்டிக்கொண்டு ஸ்கியாதோஸ் தீவுக்குப் போய்விட்டாள். குடும்பத்தைப் பிரித்தவள் என்று லெமோனியாவை எங்கள் தெருவில் இன்னும் கரித்துக்கொட்டுகிறார்கள். பாவம், அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

“கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன்.”