மூன்றாவது ரம்பம்

“காலைலயே ரெண்டு ஆளு அனுப்பிட்டீங்களே சார், வூடு பத்திக்கிச்சா இன்னா?”

சத்தார் சாக்குப் பையைத் தரையில் இறக்கினார். வாணியம்பாடியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

ராஜவேலு கல்லூரி ஆசிரியர். ஆலங்காயத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மனைவி நீலாவதியோடு இரண்டு வருடமாக ஒரு மர விமானம் கட்டிவந்தார். அதற்கு இன்ஜின் கிடையாது. ஜவ்வாது மலைச் சரிவில் ஏறிவரும் காற்றிலேயே மிதக்க வேண்டும்.

அன்றும் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தார். தண்ணீர் இறைத்தார். காபி குடித்தார். பசை கலக்கினார். விமான உடலின் கடைசிப் பலகையை ஒட்டி மூடினார். ஒன்பது மணிக்குப் பசை கல்லாக இறுகியது. அதன் பிறகுதான் தவறு தெரிந்தது.

“உள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு பாய். பலகைய அறுத்துத்தான் எடுக்கணும். அதுமேல ஒரு கீறல் விழக் கூடாது.”

“கையை வுட்டு எடுக்க முடியாதா?”

“கை மட்டும் போற ஓட்டைதான் இருக்கு. அது வழியா வராது.” ராஜவேலு அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டு நின்றார்.

சத்தார் முதலில் வட்ட ரம்பத்தை எடுத்தார். “ஒரே இழுப்பு. வெண்ணெய் மாதிரி போவும்.”

“எவ்வளவு ஆழம் இறங்கும்?”

“ரெண்டு அங்குலம்.”

“வேண்டாம்.”

அடுத்தது மெல்லிய அலகு வைத்த ரம்பம். மேலும் கீழும் ஏறி இறங்கி அறுப்பது. “இது எந்தச் சந்துலயும் நுழையும் சார். வளைச்சும் அறுக்கலாம்.”

ராஜவேலு அலகின் நீளத்தை விரலால் அளந்தார். “உள்ள குத்துமே.”

“குத்தாம எப்டி சார் அறுக்கும்?”

“வேண்டாம்.”

சத்தார் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வருஷ உழைப்பை அறுக்கறேன்றீங்க. உள்ள இருக்கறது போனா போவட்டும் சார். புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்.”

“அது மாதிரி வேற கிடைக்காது.”

“சீமைச் சரக்கா?”

“செங்கத்துல கிடைச்சது.”

“செங்கத்துலயா! நாளைக்கே இன்னொண்ணு கொண்டாறேன்.”

ராஜவேலுவுக்கு இருமல் வந்தது.

“அம்மா எங்க சார்? இந்நேரம் டீ வந்திருக்குமே.”

“வேலையா இருக்கா.” சற்று நிறுத்தி, பலகையைப் பார்த்தபடி குரலை உயர்த்தினார். “நான் ஒரு பக்கம் பசை தடவினா, மறுபக்கம் அவதான் அழுத்திப் பிடிப்பா. ரெண்டு வருஷத்துல ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அவ இல்லேன்னா இந்த விமானம் இல்ல, பாய். நானும் இல்ல.”

“எதுக்கு சார் கத்தறீங்க? எனக்குக் காது நல்லா கேக்குது. எங்க வூட்டுல நான் ஒரு ஸ்டூல் செஞ்சாலே எம் பொண்டாட்டி சுபைதா வெளிய போய் செய்யச் சொல்றா.”

சிரித்துக்கொண்டே பையின் அடியிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தார். “இது ஒண்ணுதான் பாக்கி. ஆஸ்பத்திரி சாமான், ரிப்பேருக்கு வந்தது. மாவுக்கட்டு பிரிக்கறது. சக்கரம் சுத்தாது, அந்தண்டை இந்தண்டை அதிரும், அவ்ளோதான். கெட்டியா இருக்கறத அறுக்கும், தோலை அறுக்காது.”

“தோலை அறுக்காதா?”

“சாமானுக்கு ஏது சார் தோலு?”

ராஜவேலு அதைக் கையில் வாங்கினார். மெஷினை ஓடவிட்டு, ஓடுகிற பல்லின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். சத்தார் பதறி எழுந்தார். கை கூசியது. ரத்தம் வரவில்லை. இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

“பாய், இந்த உதவிய நான் உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“அட, இதுக்குப் போயி...” சத்தார் மெஷினை வாங்கி, பலகைமேல் பென்சிலால் போட்டிருந்த கோட்டில் பொருத்தினார். சுவிட்சில் விரலை வைத்தார்.

பலகைக்கு உள்ளேயிருந்து நீலாவதியின் குரல் வந்தது:

“ஒரு நிமிசம் இருங்க பாய், ஜடைய ஒதுக்கிக்கிறேன்.”