இளகிய கம்பி

காதலில் விழுந்தவன் நிலாவைப் பற்றிப் பேசுவான், பூவைப் பற்றிப் பேசுவான். இவன் அலுமினியத்தைப் பற்றிப் பேசினான். பாவம், வேறு என்ன தெரியும் அவனுக்கு?

வார்ப்புப் பட்டறையில் உலை இவன் பொறுப்பு. வார்த்து வரும் அலுமினியச் சாமான்களைச் சூடேற்றிப் பக்குவப்படுத்துகிறவன் என்பதால் எல்லோரும் 'பதம்' என்றே கூப்பிடுவார்கள். அடுத்த தெரு பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் "என்னங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் ஆள் க்ளீன் போல்டு.

அவள் பேக்கரிக்காரருடைய தம்பி மகள். தாய் தகப்பன் இல்லை. அம்மா விட்டுப்போன நகையெல்லாம் பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில், பேக்கரியின் பின்னறையில் இருந்தது. அவர் காட்டும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினால்தான் நகை கைக்கு வரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். காட்டிய மாப்பிள்ளையோ பெரியப்பாவுக்கே தம்பி மாதிரி இருந்தான்.

"என் நகையை நானே எடுத்தா அது திருட்டாங்க?" என்று கண் கலங்கக் கேட்டாள்.

பதம் அந்த நிமிஷமே திருடனாகிவிட்டான்.

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. பின்னறை ஜன்னலுக்கு வார்ப்புக் கம்பி வேண்டுமென்று பெரியப்பா இவன் பட்டறைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். பதத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே பன் வாங்கும் சாக்கில் போய், கல்லா மேஜையில் சாய்ந்துகொண்டு அவளிடம் தொழில் ரகசியத்தைக் கொட்டினான்.

"வார்த்ததை நல்லாக் காய்ச்சி, சட்டுனு தண்ணியில முக்கிட்டா மெத்துனு இருக்கும். கையால வளைக்கலாம். அப்புறம் மிதமான சூட்டுல ராத்திரி பூரா போட்டு வச்சாத்தான் முறுகும். அந்த ரெண்டாவது சூட்டை நான் குடுக்கப் போறதில்ல."

மிதமான சூடு என்றால் எவ்வளவு என்று கேட்டாள். ரொட்டி வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் கம்மி என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னான். சும்மா வைத்திருந்தாலும் நாள்பட நாள்பட அது தானாகவே கொஞ்சம் இறுகிவிடும், அதனால் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னான். "எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அவன் வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் படவில்லை.

மிச்சத் திட்டம் அவள் போட்டது. பெட்டிச் சாவிக்கு மறுசாவி செய்து கொடுத்துவிட்டாள். ஷட்டர் சாவி பெரியப்பாவின் இடுப்பை விட்டு இறங்காது. வெளியே சந்தில் நின்று கம்பியை வளைத்தால் எதிர்மாடிக்காரர் பார்த்துவிடுவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை அடைக்கும்போது இவன் உள்ளேயே ஒளிந்துகொள்ள வேண்டும். நகையை எடுத்து, உள்ளிருந்தபடியே கம்பியை வளைத்து, ஒரே தாவாகத் தாவிப் பஸ் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். அவள் அங்கே காத்திருப்பாள்.

கம்பி பெயிண்ட் பூசிச் சனிக்கிழமை சாயங்காலம் பேக்கரிக்குப் போனது. ஞாயிறு காலை கொத்தனார் வந்து பொருத்தினார். மத்தியானம் ஷட்டர் இறங்கியபோது பதம் மைதா மூட்டைகளுக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தான். உடம்பெல்லாம் மாவு. கல்யாணக் கனவில் அதுகூட அவனுக்குச் சந்தனமாக மணத்தது.

மறுசாவி வெண்ணெயாக இறங்கியது. பெட்டியைத் திறந்தான்.

உள்ளே ஒரு மூக்குத்திகூட இல்லை.

கிழவர் மோப்பம் பிடித்து நகையை இடம் மாற்றிவிட்டார் என்று பதம் பல்லைக் கடித்தான். இதை எப்படி அந்தப் பெண்ணிடம் சொல்வது என்று நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. போகட்டும், நகை இல்லாவிட்டால் என்ன, உழைத்துக் கஞ்சி ஊற்ற இந்தக் கை இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

கம்பியைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தான். ரொட்டி தள்ளும் நீளத் துடுப்பைக் கொடுத்து நெம்பினான். துடுப்பு இரண்டாக முறிந்தது.

விரலால் கம்பியைச் சுண்டிப் பார்த்தான். 'கிண்' என்றது. இதே வார்ப்பில் மிஞ்சிய துண்டை முந்தாநாள்தான் முறுக்காக முறுக்கிப் பார்த்திருந்தான். இது இரண்டாவது சூட்டையும் முழுசாக வாங்கிய கம்பி. அவனே செய்திருந்தால்கூட இத்தனை அருமையாகப் பதம் வந்திருக்காது.

சாயங்காலம் மாவு பிசைய வந்த பெரியப்பா ஷட்டரைத் தூக்கினார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை வெள்ளை வெளேரென்று நின்றவனைப் பார்த்தார். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். நகை எங்கே என்று பெரியப்பா சட்டையைப் பிடித்து உலுக்கினார். மாவுதான் பறந்தது.

"ஐயா, என்னை என்ன வேணா பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கம்பியை யாரு இப்படி இறுக்கினது?"

கேட்கிறவன் எப்பேர்ப்பட்ட திருடனாக இருந்தாலும், வீட்டுப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க பொண்ணுதான்டா. பெயிண்ட் காயலைன்னு நேத்து ராத்திரி பூரா இந்த ரூம்லயே தனியா கண்ணு முழிச்சு, ஆறுற ரொட்டி அடுப்புல வச்சு எடுத்தா."