பூ கோக்கப் போனவர்கள்

கேபிள் கார் கரையை விட்டுக் கடலுக்கு மேலே போனதும் அத்தையின் வீடியோ கால் வந்தது.

கீழே கடல் பச்சையாகத் தொடங்கி, போகப் போக நீலமாகிக்கொண்டிருந்தது. யாரோ கைதவறிக் கொட்டிய பாசிமணிகளாகப் படகுகள் சிதறிக் கிடந்தன.

"எடுக்காத" என்றான் என் கணவன் ஆனந்த்ராஜ்.

எடுக்காவிட்டால் சந்தேகம் வரும். எடுத்தால் கடல் தெரியும்.

மேல்மாடி கட்டி முடிகிறவரை வீட்டில் ஒருவரும் ஊர் சுற்றக் கூடாது என்பது மாமனார் சகாயராஜ் போட்ட சட்டம். அப்படியும் போன வாரம், நாகல் நகர் வீட்டுக் கூடத்தில் அவர் முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

"மாமா, நானும் இவரும் நாலு நாள் ஃபூ குவோக் போயிட்டு வாரோம்."

வியட்நாமில் இருக்கும் தீவு என்று அடுத்த வாக்கியத்தில் சொல்வதாகத்தான் திட்டம்.

மாமா பேப்பரைத் தாழ்த்தினார். "எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"பூ கோக்கவா? நாலு நாளுன்னா பெரிய எடத்துக் கல்யாணமாத்தான் இருக்கும். போயிட்டு வா."

நான் நிலக்கோட்டைக்காரி. பிறந்த வீட்டில் மல்லிகைத் தோட்டம். கல்யாண மேடைக்குப் பூ கோக்கக் கூப்பிட்டால் குடும்பத்தோடு போய்விடுவோம்.

"அதுக்கு இவன் எதுக்கு?" என்று மாமா மகனைக் காட்டினார்.

"மூட்டை தூக்க" என்றார் அத்தை.

நான் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அப்படி வந்து சேர்ந்த தீவில் இன்று மூன்றாம் நாள். மிளகுத் தோட்டம் பார்த்தோம். சிறுமலையில் மரத்தைப் பிடித்து ஏறும் அதே கொடி, இங்கே வரிசையாக நட்ட கம்பங்களில் ஏறியிருந்தது. மீன் சாறு ஊறும் மரப்பீப்பாய்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரம், தெருமுனைவரை கருவாட்டு வாடை. நட்சத்திர மீன்கள் ஒதுங்கும் கடற்கரையில், ஒரு மீனுக்குப் பக்கத்தில் நானும் கையைக் காலைப் பரப்பிப் படுத்துப் பார்த்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவில்லை.

போன் நின்று, மறுபடி அடித்தது.

கேபிள் காரின் தரையில் உட்கார்ந்து, பின்னால் வெள்ளைக் கூரை மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

அத்தையின் முகம். அவர் தோளுக்குப் பின்னால், நாற்காலியில் மாமா.

"பூ கோத்தாச்சா?" என்றார் அத்தை, சத்தமாக.

"பாதி முடிஞ்சுது அத்தை."

மாமா எட்டிப் பார்த்தார். "என்ன, மண்டபம் ஆடுது?"

"ஊஞ்சல்ல உக்காந்து கோக்குறோம் மாமா."

ஆனந்த்ராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்களோடு வந்துகொண்டிருந்த வியட்நாம் பெண்மணி ஒருவர், நான் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்துத் தலைசுற்றல் என்று நினைத்துவிட்டார். பைக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தைலப் புட்டியை எடுத்து என் மூக்கருகே நீட்டி, ஏறி இறங்கும் குரலில் நீளமாக ஏதோ சொன்னார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரது? என்ன பாஷை அது?"

இனி அந்த வீட்டில் நான் கடைக்குப் போகிறேன் என்றால்கூட ஒருவரும் நம்பப்போவதில்லை.

"மலையாளம்" என்றார் அத்தை, திரும்பிக்கூடப் பார்க்காமல். "மாப்பிள்ளை வீடு பாலக்காடு."

பாலக்காடு என்று நான் சொன்னதே இல்லை. மாப்பிள்ளை என்று ஒருவர் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

"அதான பாத்தேன்" என்று மாமா பேப்பருக்குள் போய்விட்டார்.

திரை குலுங்கியது. கூடம் நகர்ந்தது, ஃபிரிட்ஜ் நகர்ந்தது, அடுப்படிக் கதவு சாத்திக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த குழாயை அத்தை மூடினார். இப்போது அவர் குரல் வேறு மாதிரி, தணிந்து வந்தது.

"எம்புட்டு நேரம் கூரையவே காட்டுவ? கீழ காட்டு."

"கீழ பூதான் அத்தை கெடக்கு."

"பூவை நிலக்கோட்டையில வந்து பாத்துக்கிறேன். நீ கடலைக் காட்டு."

நான் எழுந்து போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன். எங்கள் கேபிள் காரின் நிழல், சின்னதாக, ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குத் தண்ணீர்மேல் நடந்துகொண்டிருந்தது. திரையில் அத்தையின் முகம் கிட்டே கிட்டே வந்தது.

"உங்களுக்கு எப்ப அத்தை தெரியும்?"

"ஒரு வாரமாக் கண்ணாடி முன்னாடி நின்னு ஃபூ குவோக், ஃபூ குவோக்னு சொல்லிப் பழகிக்கிட்டு இருந்தியே, அப்பவே போன்ல தேடிப் பாத்துட்டேன். கையை ஆட்டாத ஆத்தா, கடல் ஆடுது."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கல்யாணமான புதுசுல உங்க மாமா என்னையக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போனாரு" என்றார் அத்தை. "உச்சியில நிப்பாட்டி, அந்தா பாரு செபாஸ்தி, கடல் தெரியுதுன்னாரு. பாத்தா மேகம். வருசா வருசம் வேளாங்கண்ணி போறவ நானு, எனக்கா கடல் தெரியாது?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தை கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஆமா, கடல்தான்னேன். இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல அது கடல்தான்."