அறுபத்தேழாவது பாட்டு

“என்ன நம்பர் போட்டிருக்கு? வாய்விட்டுப் படி.”

ஹைதர் கார் ரேடியோவின் சின்னத் திரையைத் தட்டினார். பின் இருக்கையிலிருந்து மகள் அதிரா எட்டிப் பார்த்தாள். “அறுபத்தேழு, அத்தா.”

“வெள்ளிக்கிழமை காடிய நிறுத்தறப்போ ஏழாவது பாட்டு. பென்டிரைவ் விட்ட எடத்துலேருந்துதான் பாடும். நேத்து நான் ஊர்ல இல்ல. அறுபது பாட்டை யாரு கேட்டது?”

டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். ஞாயிற்றுக்கிழமை பசாரில் காய்கறி வாங்கக் கிளம்பிய மூவரும் இன்னும் கிளம்பியபாடில்லை. முன் இருக்கையில் அம்மா ஃபஸீலா மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் அதிரா.

“புது லைசன்ஸ் எடுத்தவ நீதானே. பாட்டுக்கு நாலு நிமிஷம்னா நாலு மணி நேரம் ஓடியிருக்கு. எண்ணெய் முள்ளும் பாதிக்கு எறங்கிருச்சு. எவனோட சுத்தின?”

அதிரா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு முன்னே சாய்ந்தாள். “நேத்து மூணு மணி வரைக்கும் எனக்கு ஷிஃப்ட். பாயான் லெப்பாஸ்லேருந்து ஃபேக்டரி பஸ்ல வந்தேன். அதுக்கப்புறம் வீட்டை விட்டு அசையல. அம்மாவைக் கேளுங்க.”

“அவளை எதுக்கு இழுக்கற? இருபது வருஷமா லைசன்ஸைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு அலமாரியில வைக்கிறவ. ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னா கை நடுங்கும்.”

ஃபஸீலா மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“நான் கூட்டாளி மீரா சாகிப் காடியில நெருக்கியடிச்சு உக்காந்து ஈப்போ கல்யாணத்துக்குப் போறேன். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், முதுகே போச்சு. இங்க மகாராணி என் காடியில ஊர்கோலம்லா.”

சொல்லிக்கொண்டே கைக்குட்டைக்காகக் கதவோரப் பெட்டியில் கையை விட்டவர், ஒரு டப்பாவை வெளியே எடுத்தார். அவருடைய சர்க்கரை மாத்திரைகள்.

“இது எப்படி இங்க வந்துச்சு? மேசையில மறந்து வச்சுட்டுப் போனேன். ராத்திரி வீடு பூரா தேடினேன். இதையும் தூக்கிட்டுப் போனியா?”

“நான் தொடவே இல்ல அத்தா.”

“பொய் வேற. நாளையிலேருந்து டிப்ளோமா கிளாஸுக்குக் காடி தர்றேன்னு சொன்னேன்ல? காடியும் கெடையாது, கிளாஸும் கெடையாது. பேரை வெட்டச் சொல்லிடு.”

இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கிய சம்மதம். அதிரா கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினாள்.

“செய்யாத தப்பை என் தலையில கட்டாதீங்க. உங்க காடி எனக்கு வேணாம். கிளாஸுக்கு பஸ்ல போவேன்.”

“போய்த்தான் பாரேன். கால ஒடைக்கிறேன்.”

ஃபஸீலா கையை நீட்டி ரேடியோவிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கினாள். பாட்டு பாதியில் நின்றது.

“அவளை விடுங்க. காடிய எடுத்தது நான்.”

ஹைதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீயா? எதுவரைக்கும் போன, முனைக்கடை வரைக்குமா?”

“மாத்திரைய விட்டுட்டுப் போயிட்டீங்க. போன் போட்டா எடுக்கல. எங்கயாவது மயங்கி விழுந்துடுவீங்களோன்னு பயந்து, கல்யாணப் பத்திரிகையில இருந்த மண்டபத்துக்கே கொண்டுபோனேன். ஈப்போவுக்கு.”

ஹைதரின் கை சாவியிலேயே நின்றது. வெளியே நின்ற அதிரா குனிந்து அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை.

ஃபஸீலா மாத்திரை டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியை அழுத்தி மூடினாள்.

“மீரா சாகிப் அண்ணன் இருந்தாரு. நீங்க இல்ல.”