ரப்பர் கோழி

ரப்பர் கோழி இன்றும் செய்னியின் மேசையில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆக்லந்தில் அந்தக் கம்பெனியில் அப்படியொரு வழக்கம். யாரால் வேலை நின்றதோ, அவர் மேசைக்குக் கோழி போகும். செய்னியிடம் வந்த கோழி நகரவே இல்லை.

காரணம், அவள் எழுதிய சோதனை. ஆஸ்பத்திரி மருந்துப் பம்புகளுக்கான நிரலைத் தானாக எழுதித் தரும் மென்பொருள் அவர்களுடையது. அது எழுதும் நிரலை, ஓடவிடும் முன்பே அவள் சோதனை வரிவரியாகப் படிக்கும். குழந்தையின் எடை போக வேண்டிய இடத்தில் மருந்தின் அளவு போனால், இரண்டும் எண்தானே என்று சும்மா விடாது. சிவப்புக் காட்டி நிறுத்திவிடும்.

மேலாளர் டன்கனுக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. போன தடவை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வந்தபோது சோதனையை எடுக்கச் சொன்னான். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. "நம்ம செய்னி இருக்காளே, தன் நிழலப் பாத்தே பயப்படுவா. வேலைய நிறுத்துறவங்களுக்குத்தான் இந்தக் கோழி" என்று கோழியை அமுக்கினான். அது கீச்சிட, வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து. குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் நைரி பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

டன்கன் பொத்தானைத் தட்டினான்.

திரை சிவந்தது. 'எடையின் இடத்தில் மருந்தளவு. நிறுத்தப்பட்டது.'

கோபம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது. அதற்காகத்தான் செய்னி கைகட்டிக் காத்திருந்தாள்.

"ஏய் செய்னி, போன தடவ மாதிரி அந்தச் சனியனத் தூக்கித் தொலை!"

நைரி பேனாவை மூடினார். "போன தடவ மாதிரின்னா? அன்னைக்கும் இந்தத் தப்பு உள்ளதான் இருந்துச்சா?"

டன்கன் அவசரமாகச் செய்னியைக் கைகாட்டினான். "எல்லாம் இவ வேலைங்க."

நைரி எழுந்து திரையருகே போனார். சிவப்புக்குக் கீழே பொடி எழுத்தில், அந்த வரியை அப்படி எழுத மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் இருந்தது: டன்கன். காலையில் சோதனையைத் திரும்பப் போட்டபோது செய்னி புதிதாகச் சேர்த்தது அது ஒன்றுதான்.

படித்துவிட்டு நைரி நேராகச் செய்னியின் மேசைக்கு வந்தார். போன தடவை சிரித்தவர்களில் அவரும் ஒருவர். கோழியை எடுத்துப் போய் டன்கன் முன்னால் வைத்தார்.

அதை ஒரு அமுக்கு அமுக்காமல் செய்னியால் இருக்க முடியவில்லை.