நூறு தடவை சுண்டிய நாணயம்

நாணயத்தை நூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று எழுதி வருவதுதான் புள்ளியியல் வகுப்பின் முதல் வீட்டுப்பாடம். நாற்பது வயதில் கல்லூரிக்குப் போன செல்வமலர் அதை இரண்டு முறை செய்தாள். இரண்டு பட்டியலும் ஒரே வரிசையில் இருந்ததால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியதாகச் சொல்லி ஆசிரியை பூச்சியம் போட்டுவிட்டார்.

"நான் கள்ளியோ?" அஹுன்ட்சிக் பகுதியிலிருந்த தன் வீட்டுக்கு வந்ததும் நாணயத்தைக் கணவர் கிருபானந்தனிடம் எறிந்தாள். "நீங்கள் சுண்டுங்கோ, நான் எழுதுறன்."

மூன்றாவது பட்டியலும் அதேதான்.

ஆத்திரத்தில் நாணயத்தை யன்னலால் பனிக்குள் வீசினாள். "இனிக் காசு வேண்டாம். மனசில வாறதை எழுதுறன்!" தாள் கிழியும்படி நூறு வரி எழுதினாள்.

கிருபானந்தன் பழைய பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டார்.

"ஒண்டாவது மாறியிருக்கோ?"

அவர் அவளுடைய கையிலிருந்த பேனையை மெதுவாக வாங்கி வைத்தார்.