பேரை அடித்தால் போதும்

பதினொன்று ஆக நாலு நிமிடம்.

திரையில் ஒரு மலை. வேறு ஒன்றுமே இல்லை.

நேற்று வரை அங்கே பிள்ளையார் இருந்தார். அவர் தொந்திக்குக் கீழே வீடியோ அழைப்புக்கான நீலச் சின்னம். யோசிக்காமல் கை அங்கே போகும். அது பாட்டுக்குத் திறக்கும்.

நேற்று சாயங்காலம் கணவர் கணினியில் இருந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டார். பழசு மெதுவாம். மெதுவாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே. இவரை யார் கேட்டார்கள்?

"இனிமே எந்தச் செயலியையும் தேடவே வேண்டாம். பேரை அடிச்சாப் போதும், ரெண்டே செகண்ட்ல வந்துடும்" என்றார்.

எங்கே அடிப்பது என்று காட்டித்தான் கொடுத்தார். இப்போது பார்த்து மறந்து தொலைந்தது.

மலை மேலேயே அடித்துப் பார்த்தாள். மலை அசையவில்லை.

ஏதோ ஒரு விசை பட்டுக் கட்டம் ஒன்று வந்தது. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் அவசரக் குடுக்கை மாதிரி அதுவே எதையோ திறந்தது. கால்குலேட்டர்.

மூடினாள். மறுபடி அடித்தாள். சினிமா பார்க்கிற செயலி. இது ஒன்றுதான் குறைச்சல்!

குழந்தை பிறந்து வேலையை விட்டபின் வந்திருக்கும் முதல் நேர்காணல். கணக்காளர் வேலை. போனில் வரக் கூடாது, கணினியில்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து அறைக்கு ஓடினாள். அவர் போனில் யாருக்கோ லினக்ஸின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார்.

அந்த விரலை ஒடிக்கலாம் போலிருந்தது.

திரும்பி வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, வியர்த்து, ஒருவழியாக நுழைந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது.

எதிரே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

"லேட்."

அதோடு சரி. பிறகு கேள்விகள். அவள் பதில் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒரு முறைகூட நிமிரவில்லை.

போச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து கணவர் குரல் வந்தது.

"ஏம்மா, சர்க்கரை எங்க இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து சர்க்கரை அதே அலமாரியில், அதே டப்பாவில்தான் இருக்கிறது.

விசைப்பலகையில் மைக்கை அணைக்கும் பொத்தானை அழுத்தினாள். கழுத்தைத் திருப்பிக் கத்தினாள்.

"பேரை அடிங்க! ரெண்டே செகண்ட்ல வந்துடும்!"

திரும்பியவள் பொத்தானைப் பார்த்தாள். எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. புது லினக்ஸில் அந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்திருந்தார்.

முதல் முறையாக நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கிடைச்சுதா அவருக்கு?"